மந்தியும் தையக்காரியும்

ஜனவரி 5

மந்திகளை ஆராயும் வைதேகி மேடம் எங்களுக்கு ஆளுக்கொரு டைரி கொடுத்தார். அட்டையில் சோலைமந்தி. உள்ளே ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சோலைமந்தி. டிசம்பரில் மட்டும் ஒரு தவளை. எனக்கு டைரி எழுதும் வழக்கமில்லை. நல்ல தாள் வீணாகக் கூடாது என்று எழுதுகிறேன்.

என் வேலை சாலையில் நிற்பது. வால்பாறைக்குப் போகும் தார்ச்சாலை நடுச்சோலை எஸ்டேட்டுக்குள் வளையும் இடத்தில் இந்தப் பக்கம் ஒரு துண்டுக் காடு, அந்தப் பக்கம் ஒரு துண்டுக் காடு. சுற்றிலும் தேயிலை. மந்திக் கூட்டம் இங்கிருந்து அங்கே போக வேண்டும். மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறோம். பாதிக் கூட்டம் அதில் போகும். மீதி தரையில் இறங்கி, குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு சாலையைக் கடக்கும். அப்போது நானும் பேட்ரிக் அண்ணனும் விசில் ஊதி வண்டிகளை நிறுத்துவோம். பி.எஸ்ஸி. விலங்கியல் படித்துவிட்டு விசில் ஊதுகிறேன். ஊதவும் ஒரு மூச்சு வேண்டும், அது இருக்கிறது.

இன்று ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கினார்.

"கொரங்குக்குப் போயி ரோட்டை மறிக்கிறீங்களா? ஆம்புலன்ஸுக்கே இவ்வளவு நேரம் நிக்க மாட்டோம்."

"இங்க ஆம்புலன்ஸ் வராது சார். கவலைப்படாம நில்லுங்க" என்றேன்.

பேட்ரிக் அண்ணன் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார். அவர் மந்திகளுக்கெல்லாம் எஸ்டேட் ஆட்களின் பட்டம் வைத்திருக்கிறார். பெரிய ஆண் மந்தி 'தொரை'. பிடரி நரைத்த பெண் 'டீமேக்கர்'. எதைக் கண்டாலும் பிடுங்கிக்கொண்டு ஓடுவது 'சூப்பர்வைசர்'.

மேடம் ஒரு வேலையும் கொடுத்திருக்கிறார். தகவல் மையத்தில் இரண்டு பலகைகள் வைக்கப் போகிறார்கள். ஒன்றில் அழிவின் விளிம்பில் நிற்கும் ஓர் உயிர், பக்கத்தில் எங்கும் காணக்கிடைக்கும் ஓர் உயிர். இரண்டையும் ஒப்பிட்டு நான் தமிழில் எழுத வேண்டும். முதல் பலகை மந்திக்கு. இரண்டாவதை நானே தேர்ந்தெடுக்கலாம். காக்கை, மைனா என்று எல்லோரும் எழுதுவார்கள். நான் உள்ளான் என்றேன். நீர்க்கரையில் திரியும் சின்னப் பழுப்புப் பறவை, வெள்ளை வயிறு. எங்கள் தொழிலாளர் குடியிருப்பான லைனுக்குக் கீழே உள்ள ஓடைக்கு வருஷா வருஷம் வரும்.

"ஏன் உள்ளான்?" என்று மேடம் கேட்டார்.

"அதை யாரும் கேக்கறதில்ல மேடம். அதான்."

ஜனவரி 7

மந்தி இறங்கவில்லை. பேட்ரிக் அண்ணன் நின்றபடியே தூங்கினார். நான் கால் மாற்றி நின்றேன்.

ஜனவரி 11, ஞாயிறு

பூசை முடிந்து அம்மாவோடு ஓடைக்குத் துணி எடுத்துப் போனேன். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. கரையில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கொடுப்பாள், நான் கல்லில் அடிப்பேன்.

உள்ளான் வந்தது. தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து, எங்கள் கல்லின் நுனியில் உட்கார்ந்து வாலை ஆட்டத் தொடங்கியது. உட்கார்ந்தால் ஓயாது. மேலும் கீழும், மேலும் கீழும், தையல் மெஷின் ஊசி போல. அதனால் லைன் பெண்கள் அதற்கு வைத்த பேர் தையக்காரி.

"வந்துட்டா பாரு. அவளேதான்" என்றாள் அம்மா.

"அவளேதான்னு எப்பிடிச் சொல்ற?"

"என் கல்லுலதான உக்கார்றா?"

"அம்மா, இந்தப் பறவை ஒலகம் பூரா லட்சக்கணக்குல இருக்கு. கால்ல வளையம் மாட்டியிருந்தாத்தான் அதுதானான்னு சொல்ல முடியும்."

"நீ பொறந்த வருசம் வந்தவடி இவ."

"எனக்கு இருபத்தி நாலு வயசு. அத்தனை வருசம் அது உசுரோட இருக்காது."

"அப்ப இவ அவ மக. போடி, தொவைக்கிறதப் பாரு."

மந்திகளில் ஒவ்வொன்றையும் முகம் பார்த்துச் சொல்லிவிடுவோம். கிழிந்த காது, வளைந்த விரல், யாருக்கு யார் பிள்ளை, எல்லாம் மேடத்தின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. தையக்காரிக்கு யார் கணக்கு வைத்தார்கள்? ஒன்று செத்து இன்னொன்று வந்தாலும் தெரியாது. சாதாரணம் என்பதற்கு அதுதான் அர்த்தம்.

முன்பெல்லாம் இந்த ஓடையில் வீட்டுக்கு ஒரு கல் இருந்தது. யார் கல்லில் யார் அடித்தாலும் சண்டை. ஞாயிற்றுக்கிழமை மேலே லைன் வரைக்கும் துணி அடிக்கும் சத்தம் கேட்கும், கூடவே நாலு வீட்டு ரேடியோ. துணி காயும்வரை நாங்கள் சின்னப்பிள்ளைகள் தண்ணீரில் கிடப்போம். கிறிஸ்துமஸுக்கு முழு லைனுக்கும் சேர்த்து மூங்கிலில் ஒரு ஸ்டார் கட்டுவோம், அப்பாதான் ஏறி மாட்டுவார். இப்போது ஆள் இருப்பது மூன்றே வீட்டில். மற்றவர்கள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று இறங்கிவிட்டார்கள்.

ஏங்கிப்போய் இதை எழுதவில்லை. கூரை ஒழுகும், கக்கூஸுக்குக் கதவு கிடையாது, மழைக்காலத்தில் அம்மாவின் காலில் அட்டை கடித்த ரத்தம் காய்ந்ததே இல்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 14

அப்பாவுக்குப் பிப்ரவரி கடைசியோடு சர்வீஸ் முடிகிறது. வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எஸ்டேட் வீடு என்பது வேலையோடு ஒட்டிய வீடு. வீட்டிலிருந்து ஒரு பேராவது செக்ரோலில் இருக்க வேண்டும். காலையில் ஆபீஸில் ஆள் கூப்பிடும் பட்டியல் அது. பேர் போனால் வீடு போகும். அதனால் அப்பன் ஓய்வு பெறும் மாதத்தில் மகனோ மகளோ பேர் பதிவார்கள். வீடு தப்பும். அம்மாவின் பேரை முழங்காலுக்காக முன்பே எடுத்துவிட்டார்கள். மிச்சம் அப்பா இன்னாசியின் பேர். அதற்குப் பிறகு நான்.

என் விசில் வேலை எஸ்டேட் வேலை அல்ல. மேடத்தின் நிறுவனம் தருவது. அதற்கு வீடு கிடையாது.

ஜனவரி 19

இன்று மேடத்தின் அறையில் கூட்டம். சுவரில் வரைபடம். இரண்டு துண்டுக் காடுகளையும் பச்சைக்கோட்டில் இணைத்திருந்தார்.

"கம்பெனி சம்மதிச்சிருச்சு! ரெண்டு காட்டுக்கும் நடுவுல இருக்கற பழைய லைனை எடுத்துட்டு நாட்டு மரம் நடப் போறோம். பத்து, பதினஞ்சு வருஷத்துல மந்தி தரையில இறங்காமலே போயிடும்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், பழக்கத்தில். அப்புறம்தான் பச்சைக்கோடு எதன் மேல் போகிறது என்று பார்த்தேன்.

"எந்த லைன் மேடம்?"

"ஓடைக்கு மேல இருக்கே, அது. அது காலி லைன்தானே?"

"மூணு வீட்டுல ஆள் இருக்காங்க."

"அவங்களைக் கீழ் லைனுக்கு மாத்திடுவாங்கன்னு சொன்னாங்க. செக்ரோல்ல இருக்கறவங்களுக்கு வீடு உண்டாம். யாரு அங்க இருக்கறது, உனக்குத் தெரியுமா?"

"ஒரு வீடு எங்க வீடு."

மேடம் கையிலிருந்த பேனாவின் மூடியைத் தேடினார். அது பேனாவிலேயேதான் இருந்தது.

"சாரி ஜெசி. எனக்கு... நீ எஸ்டேட்டுலன்னு தெரியும். எந்த லைன்னு நான் கேக்கவே இல்ல."

நல்லவர்தான். நான்கு வருஷமாக ஒரே தட்டில் பிஸ்கட் எடுக்கிறோம். தொரை மந்தி எந்த மரத்தில் தூங்குகிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

ஜனவரி 20

மந்திக்குப் போக வேறு இடமில்லை. அதுவும் உண்மைதான். அதனால்தான் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

ஜனவரி 27

சூப்பர்வைசர் இன்று எங்கள் வீட்டுக்குள் புகுந்துவிட்டது.

லைனில் கதவைச் சாத்தினால் போதாது. தாழ்ப்பாளை இழுத்துத் திறக்க மந்திகளுக்குத் தெரியும். தாழ்ப்பாளின் மேல் கம்பியை மூன்று சுற்று சுற்றி முனையை உள்ளே மடித்துவிட வேண்டும். எங்கள் லைனில் பிறந்த குழந்தை நடக்கப் பழகும், பிறகு கம்பி சுற்றப் பழகும். இன்று அப்பா அவசரத்தில் இரண்டு சுற்றோடு போய்விட்டார்.

நான் வந்தபோது அம்மா வாசலில் விளக்குமாற்றோடு நின்றாள். உள்ளே சூப்பர்வைசர் முட்டையை ஓட்டைபோட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"ஒங்க ஆபீசுக்குப் போன் போடுடி! ஒங்க ஆளு வந்து என் வீட்டுல முட்ட குடிக்குது!"

"என் ஆளா?"

"ஒனக்குச் சம்பளம் தர்றது அதுதான?"

மாதா படத்துக்கு முன்னால் வைத்திருந்த வாழைப்பழத்தையும் எடுத்துக்கொண்டு, ஜன்னலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. கரிய முகம், அதைச் சுற்றிச் சாம்பல் பிடரி. டோப்பா வைத்துக் கோர்ட்டில் உட்கார்ந்த வெள்ளைக்கார ஜட்ஜ் மாதிரி. அம்மா விளக்குமாற்றை ஓங்கினாள், அடிக்கவில்லை. ஒருநாளும் அடித்ததில்லை.

"குட்டிக்காரிடி" என்றாள். "வயித்துல தொங்குது பாரு."

பிப்ரவரி 3

பலகைக்கு எழுதிய முதல் வரைவு:

"சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கு மேற்கு மலைத்தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வாழும். காடு துண்டாகிவிட்டால் துண்டுக்குள் மாட்டிக்கொள்ளும். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையில் இரண்டு மூன்று வருடங்கள் ஆகும். அதனால் விழுந்தால் எழ நாளாகும்.

உள்ளான் பனிமலைகளுக்கு வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது. ஆறு, குளம், வாய்க்கால், கழிமுகம், எங்கேயும் இருக்கும். ஒரு கூட்டில் நான்கு முட்டை. ஈரக் கரையும் உட்கார ஒரு கல்லும் இருந்தால் போதும்."

இது பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியது போல இருக்கிறது. மேடம் படித்துவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "உள்ளான் எந்தச் சூழலுக்கும் தன்னை மாற்றிக்கொள்கிறது, அதனால் பிழைக்கிறது."

"அந்த வரி வேண்டாம் மேடம்."

"ஏன்? அது அறிவியல்தானே?"

"எங்கள எங்க தூக்கிப் போட்டாலும் பொழச்சுக்குவாங்கன்னு கம்பெனியும் அதேதான் சொல்லுது."

"நான் பறவையைப் பத்திச் சொல்றேன் ஜெசி."

"நானும்தான். பொழைக்குதுங்கறதால அதுக்கு எடமே வேண்டாம்னு ஆயிடாது. கல்லை எடுத்துட்டா அது எங்க உக்காரும்? அது லட்சத்துல ஒண்ணு. ஆனா அந்தக் கல்லு ஒண்ணே ஒண்ணு."

மேடம் தாளை என் பக்கம் தள்ளினார். "அதையே எழுதேன்" என்றார்.

வாதத்தில் வென்றால் சந்தோஷம் வர வேண்டும். வெளியே வந்து பேட்ரிக் அண்ணனிடம் ஒரு காரணமும் இல்லாமல் கத்தினேன்.

பிப்ரவரி 13

அப்பா வாசற்படிக் கல்லில் கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தேயிலைச் செடியை வெட்டிக் குட்டையாக்கும் கத்தி. இன்னும் சில நாட்களே அதற்கு வேலை. அப்படித் தீட்டினார், முதல்நாள் வேலைக்குப் போகிறவர் மாதிரி.

அம்மா அடுப்படியிலிருந்து ஆரம்பித்தாள்.

"ஏன் ஜெசி, பேரு பதிஞ்சா என்ன கொறஞ்சு போயிருவ? ஒரு வருசம், ரெண்டு வருசம். கீழ் லைன்ல வீடு தருவான். காரை வீடு. ஓடைகூட பக்கம்தான்."

"ரெண்டு வருசத்துக்கு அப்புறம்?"

"அப்புறம் பாத்துக்கலாம்."

"நீயும் அப்பிடித்தான பதிஞ்ச?"

 அம்மா அகப்பையைச் சட்டியில் தட்டினாள்.

"ஒரு வருசம்னு பதிஞ்சு முப்பது வருசம் கொழுந்து பறிச்ச. முழங்கால் போனதும் பேர வெட்டிட்டான். நானும் அதே நெரையில நிக்கணுமா?"

"நிக்க வேண்டாம்டி. நாங்க ரோட்டுல நிக்கிறோம்."

அப்பா கத்தியைத் துணியில் சுற்றி மேலே வைத்தார். 

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு சாலையில் நின்றேன். அந்தப் பக்கக் காட்டிலிருந்து மந்தி கத்தியது. இந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. எதுவும் கடக்கவில்லை.

அப்பாவும் அம்மாவும் எங்கே போவார்கள்? பூர்வீகம் நாங்குநேரிப் பக்கம் என்பார்கள். அங்கே எங்களுக்கு ஒரு கதவும் கிடையாது. பாட்டன் காலத்தில் இங்கே ஏறியவர்கள். செத்தவர்கள் எல்லோரும் இந்த மலையில்தான் இருக்கிறார்கள்.

முடிவு செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ஆபீஸுக்குப் போகிறேன். வீட்டில் சொல்ல மாட்டேன், சொன்னால் அம்மா அழுவாள், அப்பா சும்மா இருப்பார். இரண்டுமே தாங்காது.

பிப்ரவரி 20

எஸ்டேட் ஆபீஸ். பேரேடு எழுதும் ரைட்டர் குணசீலன் தலை நிமிரவில்லை.

"பேரு பதியணும் சார். இன்னாசி மகள். மேல் லைன்."

"எதுக்கு?"

"வீட்டுக்கு."

"எந்த வீட்டுக்கு?"

"எங்க வீட்டுக்கு சார். கீழ் லைன்ல மாத்திக் குடுக்கறதா..."

அப்போதுதான் நிமிர்ந்தார்.

"ஒங்கப்பா போன வாரமே வந்து காலி பண்றேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரே. எங்க வீட்டுல இனி யாரும் பதிய மாட்டாங்க, வீட்ட வேற யாருக்காச்சும் குடுங்கன்னு. கீழ் லைன் வீட்ட அசாம்கார ஆளுங்களுக்கு ஒதுக்கியாச்சு. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றேன்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 22, ஞாயிறு

அப்பா என்னோடு ஓடைக்கு வந்தார். எப்போதும் வராதவர். தன் வேட்டியைத் தானே துவைக்கப் போவதாகச் சொன்னார்.

"ஆபீசுக்குப் போனியாமே" என்றார், துணியைப் பார்த்தபடி.

"நீயும் போனியாமே."

"பேர் பதியவா போன?"

"பின்ன, டீ குடிக்கவா?"

அப்பா சிரித்தார். எனக்கு எரிந்தது.

"சிரிக்காதப்பா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம வீட்ட விட்டுக் குடுத்துட்ட. அம்மா முழங்காலோட எங்க போவா?"

"ஆனைமலையில ஒரு நார்க்களம் இருக்கு, தேங்கா நாரு. வாட்ச்மேன் வேல. களத்துலயே ஒரு ரூம்பு. பேசிட்டேன்."

"அதுவும் வேலையோட ஒட்டுன வீடுதான. நாளைக்குப் போன்னா போகணும்."

"ஆமா. ஆனா அங்க எம் பேருதான் ஒட்டியிருக்கும். ஒம் பேரு இல்ல." வேட்டியைப் பிழிந்தார். "எங்கப்பன் பதிஞ்சான், வீடு குடுத்தான். அந்த வீட்டுக்காக நான் பதிஞ்சேன். எனக்காக ஒங்கம்மா பதிஞ்சா. இது எங்களோட நிக்கட்டும்னுதான ஒன்னக் காலேசுக்கு அனுப்புனேன்."

"படிச்சுட்டு விசில்தான் ஊதறேன்."

"ஊது. அது ஒன் விசிலு."

தையக்காரி வந்து நுனிக்கல்லில் உட்கார்ந்தது. அப்பா அதைத் தாடையால் காட்டினார்.

"இவளப் பாரு. வருசம் தவறாம வர்றா, போறா. எந்த ஆபீசுல பேரு பதிஞ்சுட்டு வர்றா?"

"போற எடத்துலயும் அதுக்கு ஒரு கல்லு வேணும்ப்பா."

"தேடிக்குவா."

"கெடைக்கலன்னா?"

 அப்பா பிழிந்த வேட்டியைத் தண்ணீரில் நனைத்து மறுபடி துவைத்தார்.

மார்ச் 1, ஞாயிறு

லோடு ஆட்டோவில் எல்லாம் அடங்கிவிட்டது. இத்தனை வருஷக் குடித்தனம் ஒரு லோடுகூட இல்லை என்பது அசிங்கமாக இருந்தது. அப்பா சன்னலில் அடித்திருந்த வலைக்கம்பியைக் கழற்றி மடித்து எடுத்துக்கொண்டார். அது அவர் சொந்தமாக வாங்கியது. பேட்ரிக் அண்ணன் கட்டிலைத் தூக்கிக் கொடுத்தார். மேடமும் வந்திருந்தார். மாதா படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவர்மேல் கோபமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படத்தை வாங்கி வைத்தேன்.

பலாமரத்தில் தொரையும் கூட்டமும் உட்கார்ந்திருந்தன. வீடு காலியாவது அதுகளுக்கு எப்படித் தெரிகிறதோ.

அம்மா கடைசியாக வெளியே வந்தாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். இடுப்பிலிருந்து கம்பியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. முனையை உள்ளே மடித்தாள்.

"எதுக்கும்மா?"

"மந்தி பூந்துரும்ல."

 அம்மாவுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கம்பியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"அவுத்துரவா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"இருக்கட்டும் விடு" என்றார் அப்பா.

நான் அவர்களோடு இறங்கவில்லை. நாளைக்கு எனக்கு டியூட்டி. வார நாட்களில் நிறுவனத்தின் விடுதியில் தங்கலாம் என்று மேடம் சொல்லியிருக்கிறார். கொண்டை ஊசி வளைவுகளில் அம்மாவுக்கு வாந்தி வரும். எலுமிச்சம்பழம் கொடுத்தேனா என்று இப்போது ஞாபகமில்லை.

மார்ச் 4

கம்பி அவிழ்ந்து தரையில் கிடந்தது. டீமேக்கர் எங்கள் அடுப்பு மேடையில் உட்கார்ந்திருந்தது. விசில் என் கழுத்தில்தான் தொங்கியது. ஊதவில்லை.

மார்ச் 17

ஜேசிபி வந்தது. லைன் முழுவதும் சாய ஒரு காலைப்பொழுது. இடிபாட்டை ஓடைப்பக்கம் தள்ளினார்கள். துவைக்கிற கற்கள் எல்லாம் அடியில் போய்விட்டன. மேடம் ஓடிப்போய்க் கத்தினார், ஓடையில் தள்ளக் கூடாது என்று பேசி வைத்திருந்தார்களாம். டிரைவர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி, "என்ன மேடம்?" என்றான்.

தையக்காரி இல்லை. சத்தத்துக்குப் போயிருக்கும். எப்படியும் ஏப்ரலில் போக வேண்டியதுதான்.

ஜூன் 9

மழை பிடித்துவிட்டது. கன்று நட்டோம். எங்கள் அடுப்படி இருந்த இடத்தில் ஒரு வெடிப்பலாக் கன்று, மந்திக்குப் பிடித்த மரம். அதை நான் நட்டேன். பேட்ரிக் அண்ணன் மண்வெட்டியோடு வந்தார். வேண்டாம் அண்ணா, இது என் குழி என்றேன்.

ஜூலை 2

தகவல் மையத்தில் பலகைகள் திறப்பு. கம்பெனி ஆட்கள் வந்தார்கள், சால்வை போட்டார்கள். என் வரி அப்படியே இருக்கிறது: "உள்ளானைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பார்கள், அது எங்கும் இருக்கிறதாம். அதற்கு ஒரு கல் போதும். ஆனால் அந்தக் கல் வேண்டும்." அதற்கு நேர் கீழே கம்பெனி முத்திரை. அந்த வரியைப் படித்துவிட்டு ஒரு அதிகாரி, "நல்ல கவிதை" என்றார்.

மந்தியின் படம் அருமை. உள்ளான் படம் உள்ளானே அல்ல. பிரஸ்காரன் இணையத்தில் தேடி ஏதோ நீண்ட கால் பறவையைப் போட்டிருக்கிறான். யாரும் கவனிக்கவில்லை. மேடத்திடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். மாற்றுவதாகச் சொன்னார். மாற்றுவார்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

ஆனைமலை போய்வந்தேன். நார்த்தூசு அம்மாவின் தலைமுடியெல்லாம். ரூமுக்குக் கதவு இருக்கிறது. உள்ளே ஒரு துண்டுக் கம்பி தொங்குகிறது. இங்கே மந்தி ஏது என்றேன். "கையி கேக்க மாட்டேங்குது" என்றாள். அப்பாவுக்கு உஷ்ணம் ஒத்துக்கொள்ளவில்லை. நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று இரண்டு தரம் சொன்னார். ஒருதரம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

செப்டம்பர் 6, ஞாயிறு

மழை வெறித்திருந்தது. விடுதியில் துவைக்கக் குழாய் இருக்கிறது. இருந்தும் வாளியோடு ஓடைக்குப் போனேன். ஏன் என்று எழுத ஒன்றுமில்லை.

கன்றுகள் இடுப்பளவு வந்துவிட்டன. வெடிப்பலா மட்டும் முழங்காலைத் தாண்டவில்லை. ஓடை திசை மாறி, இடிபாட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. தண்ணீரில் பாதி முங்கி ஒரு கல்படி கிடந்தது. அதன் ஓரத்தில் அப்பா கத்தி தீட்டித் தீட்டி விழுந்த பள்ளம். எங்கள் வாசற்படி.

அதன்மேல் தையக்காரி உட்கார்ந்திருந்தது. வந்து ஒரு நாள் இரண்டு நாள்தான் ஆகியிருக்கும். வால் மேலும் கீழும், மேலும் கீழும். நான் வாளியைக் கீழே வைக்காமல் நின்றேன்.

அப்போது போன் அடித்தது. அம்மா.

"ஜெசி, ஒனக்கு ஒண்ணு சொல்லணும்டி. இங்க வாய்க்கால்ல துணி தொவைச்சுக்கிட்டு இருந்தேன். யாரு வந்தாங்கற? தையக்காரி!"

"அங்கயுமா?"

"ஆமாடி! நேரா வந்தா. இவ்வளவு பெரிய வாய்க்கால்ல எம் பக்கத்துக் கல்லுலதான் வந்து உக்காந்தா. ஒங்கப்பா சிரிக்கிறாரு. ஏன்டி, நீ படிச்சவ, நீயே சொல்லு." அம்மாவின் குரல் தணிந்தது. "அவளா இருக்குமா? அங்க நம்மளக் காணோம்னு எறங்கி வந்திருப்பாளா?"

எனக்கு முன்னால், எங்கள் படியில், அது வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"அவளேதாம்மா" என்றேன்.